பழைய காருக்கு இழப்பீடு கேட்பது: ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருக்கும் குடும்பங்களுக்கான ஒரு கையேடு

யாழ்ப்பாணத்துக்கு முதன்முதலாக வருபவர்கள் இன்றும் படமெடுத்துக்கொண்டு போகும் காட்சிகளில் ஒன்று வீதியோரம் நிற்கும் பழைய ஒஸ்ரின் கார். ஏ40 சோமசெற், ஏ55 கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று 1950களிலும் 60களிலும் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இந்த வாகனங்கள் அழகுக்காக இங்கே பாதுகாக்கப்படவில்லை. வேறு வழி இருக்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது இருப்பதைத் திருத்தி ஓடப் பழகினோம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது இந்தப் பழைய இயந்திரங்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி இயக்கிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற முடிந்தது. பிரசவத்துக்கும், காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றவும், 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வின்போது முதியவர்களைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோகவும் உதவிய கார்கள் இவை.

இன்று இவற்றில் பல, கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகின்றன. சில, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் செலவில் புதுப்பிக்கப்பட்டு வீட்டுக் கொட்டகைக்குள் நிற்கின்றன. ஆனால் ஒரு விபத்தோ வெள்ளமோ வந்து காப்புறுதிக் கம்பனியிடம் போகும்போது, "இது அறுபது வருசப் பழைய வாகனம், இதுக்கு என்ன பெறுமதி?" என்ற கேள்வியே முதலில் வருகிறது. எனது பெரியப்பாவின் 1960ஆம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜை இரவில் ஒரு லொறி பின்பக்கமாக இடித்துவிட்டு நிற்காமல் போனதையடுத்து, அவருடைய கோரிக்கையை ஏழு மாதம் கூட இருந்து நடத்தினேன். அதில் தெரிந்துகொண்டதையும், வடக்கில் பழைய கார் வைத்திருக்கும் வேறு குடும்பங்களின் கோப்புகளைப் பார்த்ததில் விளங்கியதையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்தக் காப்புறுதி?

இலங்கையில் வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கோருகிறது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதும் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டவேண்டும். பழைய கார் வைத்திருக்கும் பலர் இதை மட்டுமே எடுத்திருக்கிறார்கள், ஏனெனில் கட்டணம் குறைவு. ஆனால் இது உங்கள் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் கார் நொறுங்கினால் இதிலிருந்து ஒரு சதமும் வராது. இடித்தவர் யாரென்று தெரிந்தால் அவருடைய காப்புறுதிக் கம்பனியிடம் கேட்கலாம். தெரியாவிட்டால் செலவு உங்களுடையது.

உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் வரவேண்டுமென்றால் முழுமையான காப்புறுதி வேண்டும். அதை எடுத்திருப்பவர்களும் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தோடு நின்றுவிடாமல் பின்னிணைப்புகளையும் வாசிக்கவேண்டும். மூன்று இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள்.

முதலாவது, இயற்கை அனர்த்தம். வெள்ளம், புயல், மரம் முறிந்து விழுதல் ஆகியவை உங்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கின்றனவா, அல்லது மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டியவையா? 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. 2020 டிசம்பரில் புரெவி வந்தது. 2024 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மாரிகாலம் தொடங்குவதற்கு முன்னர் கேட்டு அறியவேண்டிய விடயம் இது.

இரண்டாவது, வேலைநிறுத்தம், கலவரம், குடியியல் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு. கம்பனிக்காரர்கள் இதைச் சுருக்கமாக எஸ்.ஆர்.சி.சி. என்பார்கள். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இதன் பின்னால் இருப்பது அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். 2022 மே 9ஆம் திகதி வாகனங்கள் எரிக்கப்பட்டபோது, இந்தக் காப்பு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் தென்னிலங்கையிலும் பலருக்கு விளங்கியது.

மூன்றாவது, போர் விலக்கு. போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் வழக்கமான மோட்டார் ஒப்பந்தங்களில் இருக்கும். எங்கள் குடும்பங்களில் பலர் ஷெல்லடியிலும் விமானக் குண்டுவீச்சிலும் இழந்த வாகனங்களுக்கு எந்தக் கம்பனியும் பணம் தராததற்கு இதுவே காரணம். அந்த இழப்புகளுக்கான வழி காப்புறுதிக்கு வெளியே இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய, ஆட்களுக்கும் சொத்துகளுக்கும் கைத்தொழில்களுக்குமான புனர்வாழ்வு அதிகார சபை, அதற்குப் பிறகு 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகம் என்பவையே அவை. போர்க்கால இழப்பையும் இன்றைய விபத்தையும் ஒரே கோரிக்கையில் கலக்கவேண்டாம். காரின் கதவில் உள்ள பழைய ஷெல் துளை ஒட்டை மதிப்பீட்டாளர் கண்டால் "இது முன்னர் இருந்த சேதம்" என்று எழுதுவார். அது சரியும்கூட. புதிய சேதம் எது, பழையது எது என்று நீங்களே முதலில் பிரித்துக் காட்டினால் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு கூடும்.

கார் யாருடைய பெயரில் இருக்கிறது?

பழைய கார்களின் கோரிக்கைகள் அதிகமாகச் சிக்குவது இங்கேதான். பதிவுப் புத்தகத்தில் தாத்தாவின் பெயர், காப்புறுதியில் மகனின் பெயர், ஓட்டுபவர் பேரன். அல்லது கைமாறிக் கைமாறி வந்த காரில், நாலு உரிமையாளருக்கு முன்னர் இருந்தவரின் பெயர். அவர் கனடாவில் இருக்கலாம், இறந்திருக்கலாம். விற்பனைப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். காப்புறுதிக் கட்டணம் வாங்கும்போது இதை எவரும் கேட்கமாட்டார்கள். பணம் கொடுக்கும் நேரத்தில்தான் கேட்பார்கள். அந்தக் காரில் உங்களுக்குச் சட்டபூர்வமான நலன் இருக்கிறதென்று காட்ட முடியாவிட்டால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி கோரலாம். தொலைந்ததற்கான பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும், உங்களிடம் மிஞ்சியிருக்கும் பழைய அனுமதிப்பத்திரம், பழைய காப்புறுதிச் சான்றிதழ், வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத்தகடுகள் வருவதற்கு முன்னர் பதிவான கார்களுக்கு ஆங்கில எழுத்து இலக்கங்கள் இருக்கும். அந்த ஸ்ரீக்கு எதிராக 1958இல் எங்கள் ஊர்களில் நடந்த தார்பூசும் போராட்டத்தின் நினைவு மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. கார் எந்த வரிசையில் பதிவானது என்பது அதன் வயதுக்கு ஓர் ஆதாரம். பழைய கார் விரும்பிகளிடையே அதன் பெறுமதியைத் தீர்மானிப்பதிலும் அந்த மூல இலக்கத்துக்குப் பங்குண்டு.

உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழையும் வாரிசு ஆவணங்களையும் வைத்துப் பெயரை மாற்றிவிடுங்கள். காணாமலாக்கப்பட்டவர் என்றால் விடயம் வேறு. கணவரின் பெயரிலுள்ள மொறிஸ் மைனரை இன்னும் அவர் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு தாயைச் சந்தித்தேன். "மரணச் சான்றிதழ் எடுத்தால் காரை மாத்தலாம் எண்டு சொல்லினம். நான் எடுக்கேல்லை பிள்ளை" என்றார். அவரிடம் மேலே எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்படியானவர்களுக்காகவே 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. ஒருவர் இறந்துவிட்டாரென்று ஒப்புக்கொள்ளாமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழ் அது. அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பதற்கான நடவடிக்கைகளுக்கு அது அடிப்படையாகும். ஒரு சட்டத்தரணியிடம் அல்லது இலவச சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். காப்புறுதிப் படிவத்தில் உண்மை நிலைமையை எழுத்தில் தெரிவித்து, கம்பனி அதை ஏற்றுக்கொண்டதென்ற கடிதத்தைப் பெற்று வையுங்கள். மறைத்து எழுதினால் அந்த ஒரு காரணமே மறுப்புக்குப் போதும்.

இயந்திர இலக்கம்

தடைக்காலத்தில் இயந்திரங்கள் மாறின. ஓர் ஒஸ்ரினின் இயந்திரம் இன்னொரு ஒஸ்ரினுக்குள் போனது. பின்னர் ஜப்பானிய டீசல் இயந்திரங்களும் ஏறின. பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கமும் காரில் உள்ளதும் வேறாக இருந்தால், விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் அதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார். இயந்திர மாற்றத்தைத் திணைக்களத்தில் பதிவுசெய்து, கம்பனிக்கும் அறிவித்துவிடுங்கள். அடிச்சட்ட இலக்கம் துருவால் அழிந்திருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள். சேதம் நடந்த பின்னர் இவற்றைச் சரிசெய்ய ஓடுவது சந்தேகத்தையே உண்டாக்கும்.

பெறுமதியை யார் தீர்மானிப்பது?

புதிய காருக்குச் சந்தை விலை தெரியும். பழைய காருக்கு அப்படியில்லை. ஓடாத மொறிஸ் மைனர் ஒன்றுக்கும், முழுதாகப் புதுப்பித்த மொறிஸ் மைனருக்கும் விலை பல மடங்கு வேறுபடும். இரண்டின் பதிவு ஆண்டும் ஒன்றாகவே இருக்கும்.

இதற்கு ஒரு வழி, பெறுமதியை முற்கூட்டியே இணங்கிக்கொள்வது. கார் முழுதாக அழிந்தால் இவ்வளவு தொகை என்று இரு தரப்பும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதை இணங்கிய பெறுமதி என்பார்கள். இங்கிலாந்தில் பழைய கார்களுக்கான காப்புறுதி பெரும்பாலும் இந்த முறையில் நடக்கிறது. இங்கே சாதாரண ஒப்பந்தங்களில், கார் சேதமடைந்த அன்று சந்தையில் என்ன விலையோ அதுவே உச்சவரம்பு. காப்புறுதித் தொகை அதைவிட அதிகமாக இருந்தாலும் சந்தை விலைதான் கிடைக்கும். எனவே உங்கள் கம்பனியிடம் இணங்கிய பெறுமதி முறை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடமிருந்து படங்களோடு கூடிய மதிப்பீட்டு அறிக்கை பெற்று, ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் கோப்பில் சேர்ப்பியுங்கள்.

குறைத்துக் காப்புறுதி செய்வதிலும் ஆபத்து உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இன் தொடக்கத்தில்தான். இடையில் 2022இல் ரூபாய் வீழ்ந்தது. வாகன விலையும் உதிரிப்பாக விலையும் ஏறின. ஆனால் பலருடைய ஒப்பந்தத்தில் பழைய தொகையே இருந்தது. பல ஒப்பந்தங்களில் சராசரி வாசகம் என்ற ஒன்று இருக்கிறது. அதன் கணக்கு இப்படி: உங்கள் காரின் உண்மைப் பெறுமதி 40 இலட்சம், நீங்கள் காப்புறுதி செய்தது 20 இலட்சம், திருத்தச் செலவு 6 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்பதால் பாதிச் செலவான 3 இலட்சத்தையே கம்பனி ஏற்கும். மிச்சம் உங்கள் தலையில். அதிலும் எக்செஸ் என்று அவர்கள் சொல்லும், ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் ஏற்கவேண்டிய முதற்தொகை கழிக்கப்படும்.

கலியாண வாடகைக்குப் போகும் கார்

ஒப்பந்தத்தில் பாவனை என்ற இடத்தில் 'தனிப்பட்டது' என்று இருக்கும். ஆனால் முகூர்த்த நாட்களில் கார் மாலை கட்டிக்கொண்டு வாடகைக்குப் போகும். அன்று விபத்து நடந்தால், ஒப்பந்தத்துக்கு மாறான பாவனை என்று கோரிக்கை மறுக்கப்படலாம். அயலவரின் கலியாணத்துக்குக் காசு வாங்காமல் ஓடியதாக ஒருவரைச் சாட்சி சொல்லவைத்து இதைத் தாண்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முகநூலில் இருக்கும் வாடகை விளம்பரமும் தொலைபேசி இலக்கமும் அந்தக் கதையை அடித்துப் போட்டுவிடும். பெரியப்பா வாடகைப் பாவனை என்றே எழுதுவித்து, கூடுதல் கட்டணமும் செலுத்தி வந்தார். அதனால் லொறி இடித்த சம்பவத்தில் அந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்தது.

சேதம் நடந்த நாளில்

காரை அசைப்பதற்கு முன்னர் படமெடுங்கள். நான்கு பக்கமும், இலக்கத்தகடும், வீதியும், மற்ற வாகனமும் தெரியவேண்டும். பின்னர் சேதத்தைக் கிட்டவாக எடுங்கள். கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, அழைத்த நேரத்தையும் அவர்கள் தரும் கோரிக்கை இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்குக் காயம் என்றால், அல்லது இடித்தவர் ஓடிவிட்டால், அல்லது இருதரப்பும் ஒத்துவராவிட்டால் பொலிஸ் முறைப்பாடு அவசியம். முறைப்பாட்டைத் தமிழில் பதிவுசெய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வேறு மொழியில் எழுதினால், என்ன எழுதப்பட்டிருக்கிறதென்று வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டே கையெழுத்து வையுங்கள். நேரம், திசை, வேகம் ஆகியவற்றில் ஒரு சொல் மாறினாலும் பின்னர் அது கம்பனியின் கடிதத்தில் வந்து நிற்கும்.

வெள்ளத்தில் நின்ற காரை இயக்கிப் பார்க்கவேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் இயக்கும்போது கொனெக்ரிங் றொட் வளையும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குக் காப்பு இருக்கலாம். நீங்கள் இயக்கியதால் வந்த சேதத்துக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று தெரியும்படி படமெடுங்கள்.

கழற்றிய அல்லது நெளிந்த எந்தப் பாகத்தையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை அவை ஆதாரம். பார்த்த பின்னரும் அவற்றை வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நெளிந்த ஒஸ்ரின் பம்பரைத் தட்டி எடுக்கலாம், புதிதாக வாங்குவது சுலபமல்ல.

மதிப்பீட்டாளரின் கணக்கும் எங்கள் கணக்கும்

பெரியப்பாவின் காரில் வலது பின் மட்காட், டிக்கி மூடி, பின் பம்பர், ஒரு பின்விளக்கு ஆகியவை சேதமாகின. கம்பனி முதலில் சொன்ன தொகை 85,000 ரூபா. எப்படி அந்தத் தொகைக்கு வந்தார்கள் என்று எழுத்தில் கேட்டோம். பதில் வர ஐந்து வாரம் சென்றது. மூன்று விடயங்கள் அதில் இருந்தன. வேலைக்கூலியைச் சாதாரண ஜப்பானியக் காருக்கான அளவில் போட்டிருந்தார்கள். பாகங்களின் விலையில் வயதுத் தேய்மானம் என்று பெரும்பகுதியைக் கழித்திருந்தார்கள். மட்காட் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது என்று எழுதியிருந்தார்கள்.

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் கொடுத்தோம். ஜப்பானியக் காரின் மட்காட்டைக் கழற்றிப் புதிதைப் பூட்டலாம். அரை நாள் வேலை. கேம்பிறிட்ஜின் பின் மட்காட் உடலோடு ஒட்டவைத்த ஒன்று. அதை வெட்டி, தகடு வளைத்து, ஒட்டி, தட்டிச் சமப்படுத்த வேண்டும். கராஜ்காரத் தம்பியிடம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கூலி என்று பிரித்து விலைமனு வாங்கினோம். "ரிங்கரிங், பெயின்ற், மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரியில் தரும் பில்லை எவரும் மதிப்பதில்லை. இரண்டாவது கராஜிலிருந்தும் ஒரு விலைமனு எடுத்தோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையில் இருந்தன.

பாகங்களுக்கு, அவை எங்கே கிடைக்கும் என்பதைக் காட்டவேண்டும். மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின்களுக்கும் இங்கிலாந்தில் இன்னும் புதிய உதிரிப்பாகங்கள் விற்கிறார்கள். இந்தியாவில் 2014 வரை தயாரான அம்பாசிடர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. அதனால் ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சென்னையில் தேடலாம். கேம்பிறிட்ஜின் 1489 சிசி இயந்திரமும் அதே பி வரிசைக் குடும்பம். பாகத்தின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்க வரி ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். விலையை மட்டும் கொடுத்தால் விலையை மட்டும்தான் தருவார்கள். நாங்கள் பின்விளக்குக்கு இங்கிலாந்து விற்பனையாளரின் விலைமனுவை அச்செடுத்து இணைத்தோம்.

துருப் பிரச்சினைக்குப் படம்தான் பதில். எங்கள் உப்புக் காற்றில் துரு இல்லாத பழைய கார் அபூர்வம் என்பதும், தேய்மானத்துக்கும் துருவுக்கும் இயந்திரக் கோளாறுக்கும் காப்புறுதி இல்லை என்பதும் உண்மை. மண்ணெண்ணெயில் ஓடித் தேய்ந்த பிஸ்ரனுக்கு எவரும் பணம் தரமாட்டார்கள், கேட்பதும் நியாயமில்லை. ஆனால் துரு இல்லாத இடத்தில் துரு என்று எழுதப்பட்டால் மறுக்கவேண்டும். அதற்கு முந்திய வருடம் காப்புறுதியைப் புதுப்பித்தபோது கம்பனியின் முகவரே எடுத்த படங்கள் அவர்களுடைய கோப்பில் இருந்தன. அவற்றின் பிரதியைக் கேட்டு வாங்கினோம். மட்காட் பளபளவென்று இருந்தது. தேய்மானக் கழிவுக்கு ஒப்பந்தத்தில் எந்த வாசகம் இடமளிக்கிறது என்று கேட்டதற்கு, அவர்கள் காட்டிய வாசகத்தில் இருந்த வீதம் கழித்ததைவிடக் குறைவாக இருந்தது. கடைசியில் 260,000 ரூபாவுக்குத் தீர்ந்தது. முழுச் செலவும் அல்ல. ஆனால் காரைத் திருத்தப் போதுமானதாக இருந்தது.

முழு இழப்பு என்று சொன்னால்

திருத்தச் செலவு காரின் பெறுமதிக்குக் கிட்டவந்தால் கம்பனி முழு இழப்பு என்று அறிவிக்கலாம். பழைய காரைக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், சிறிய விபத்தும் முழு இழப்பாகிவிடும். அப்படிப் பணம் கொடுத்தால் எஞ்சிய வாகனம் கம்பனிக்குப் போகும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். காரைக் குடும்பம் வைத்திருக்க விரும்பினால், எஞ்சிய வாகனத்தின் பெறுமதியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும்படி கேட்கலாம். அந்தக் கழிவுத் தொகையிலும் பேச்சுக்கு இடமுண்டு. கையெழுத்துக்கு முன்னர் கேட்டால்தான் உண்டு. எங்கள் பேச்சுவார்த்தையின் தொடக்கத்திலேயே பெரியப்பா எனக்குச் சொன்னது இதைத்தான்: "காசைக் குறைச்சாலும் பரவாயில்லை பிள்ளை, காரைக் கொண்டுபோக விட்டிடாதை." இடப்பெயர்வில் அவருடைய தாயைச் சாவகச்சேரிக்கு ஏற்றிப்போன கார் அது. காப்புறுதிப் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை. எழுதினாலும் பெறுமதி கூடாது. ஆனால் எந்தத் தொகைக்கு இணங்குவது, எதற்கு இணங்கக்கூடாது என்பதைக் குடும்பமாக இருந்து முதலே பேசித் தீர்மானிப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

கையெழுத்தும் மொழியும்

கம்பனி பணம் தருவதற்கு முன்னர் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருக்கும். அதில் கையெழுத்திட்ட பின்னர், மட்காட்டைக் கழற்றியபோது உள்ளே அடிச்சட்டமும் வளைந்திருந்தது தெரியவந்தால் மேலதிகமாகக் கேட்பது கடினம். உள்ளே பார்க்காத சேதம் இருக்கலாம் என்றால், மேலதிக சேதம் கண்டால் மீளாய்வு செய்யப்படும் என்று எழுத்தில் பெறுங்கள்.

பல படிவங்கள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தொலைபேசியில் சிங்களத்தில் பேசுகிறார்கள். எங்கள் பக்கத்து மூத்தவர்கள் "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அந்த ஓம், தொகையை ஏற்றுக்கொண்டதாகக் கோப்பில் பதிவாகலாம். தொலைபேசியில் எதற்கும் இணங்கவேண்டாம். "தமிழில் கடிதமாக அனுப்புங்கள், வாசித்துவிட்டுப் பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்குப் பிறகும் திகதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன விடயம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்களுடைய ஏழு மாதத்தில் அந்தக் கொப்பி பல தடவை கைகொடுத்தது.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மேன்முறையீடு செய்து, காரணங்களோடு இறுதிப் பதில் கேளுங்கள். கிளையில் வாய்வழி சொன்ன மறுப்பை மறுப்பாக எடுக்கவேண்டாம். அந்த இறுதிப் பதில் கிடைத்த பின்னர் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம். அவர் விசாரிக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு என்பதால் முன்னர் விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பனிகளை மேற்பார்வை செய்வது, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அங்கும் காப்புறுதிதாரர்கள் முறைப்பாடு அனுப்பலாம். கடைசி வழி நீதிமன்றம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு, கால எல்லை பற்றிய வாசகங்கள் இருக்கின்றனவா என்று சட்டத்தரணியிடம் காட்டி, நாட்களை வீணாக்காமல் முடிவெடுங்கள்.

இந்த மாதத்துக்குள் செய்துவைக்க வேண்டியவை

பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள், பின்னிணைப்புகள் ஆகியவற்றைப் படமெடுத்து வெளிநாட்டில் அல்லது வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்புங்கள். ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய எங்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். காரை வெளியே, உள்ளே, அடியில், பொனற்றைத் திறந்து என்று பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். திருத்தச் செலவுப் பில்களை, சிறியவையானாலும், ஒரு கோப்பில் போடுங்கள். பாவனை, காப்புறுதித் தொகை, இயற்கை அனர்த்தக் காப்பு ஆகிய மூன்றையும் கம்பனியிடம் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். இவற்றுக்கு ஒரு நாள் போதும். செலவு அதிகமில்லை. அடுத்த மாரிக்கு முன்னர் முடித்துவிட்டால், மதிப்பீட்டாளர் வந்து "இது பழைய கார்தானே" என்று தொடங்கும்போது உங்கள் கையில் கொடுப்பதற்கு ஒரு கோப்பு இருக்கும்.